ரத்னகிரிக்குத் திரும்பியவள்

ராஜ்யத்தை இழந்து அந்நிய மண்ணில் மடிந்த மன்னர்களைப் பற்றிச் சரித்திரம் ஓரளவு எழுதித்தான் வைத்திருக்கிறது. எந்தத் தேதியில் பிடிபட்டார்கள், எந்தக் கப்பலில் ஏற்றப்பட்டார்கள், எவ்வளவு உபகாரச் சம்பளம் நிர்ணயிக்கப்பட்டது, எப்போது உயிர் நீங்கிற்று என்பவையெல்லாம் சர்க்கார் தஸ்தாவேஜுகளில் ஒழுங்காகப் பதிவாகியிருக்கின்றன. ஆனால் அம்மன்னர்களின் விரலைப் பற்றிக்கொண்டு அதே கப்பலில் ஏறிய குழந்தைகள், எந்தப் போரையும் தொடுக்காதவர்கள், எந்த உடன்படிக்கையையும் மீறாதவர்கள், சிம்மாசனம் என்றால் தந்தை அமரும் உயரமான இடம் என்பதற்கு மேல் ஏதும் அறியாதவர்கள், அவர்கள் அந்தத் தண்டனையைச் சுமந்துகொண்டு எப்படி வளர்ந்தார்கள், யாரை நேசித்தார்கள், எங்கே எந்த நிலையில் செத்தார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு வரிக்கு மேல் விடை கிடைப்பதில்லை. பர்மாவின் கடைசி மன்னனாகிய திபாவின் மூத்த மகளைப் பற்றி நான் நெடுநாளாக நினைத்து வருவதற்கு இதுவே காரணம். தண்டனை தந்தைக்கு விதிக்கப்பட்டது. அதை அதிக காலம் அனுபவித்தவள் மகள்.

1880ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் மாண்டலே அரண்மனையில் பிறந்த அவளுக்கு மியத் பயா ஜீ என்று பெயர். அவளுக்கு ஐந்து வயது நிறைந்து மூன்று மாதங்கூட ஆகாத நிலையில், 1885 நவம்பர் 29ஆம் தேதி, அவள் தந்தையையும் தாய் சுபயாலத்தையும் சிற்றன்னையாகிய இளைய அரசியையும் ஆங்கிலேயர் அரண்மனையிலிருந்து வெளியே அழைத்துச் சென்றார்கள். யானைமேல் ஊர்வலம் வரும் வழக்கமுடைய அரசகுடும்பம் அன்று மாட்டுவண்டிகளில் ஏறி, வீதிகளின் இருபுறமும் ஜனங்கள் விழுந்து அழுதுகொண்டிருக்க, ஐராவதி நதிக்கரையில் காத்திருந்த நீராவிப் படகை அடைந்தது. அத்தனை பெரிய காரியத்துக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது ஒரு மரக் கம்பெனியின் வழக்கு. தேக்கு மரங்களைக் கணக்கில் காட்டாமல் வெட்டிக்கொண்டு போனதாக பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனியின்மேல் மன்னனுடைய சபை 20 லட்சம் ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. மன்னன் பிரெஞ்சுக்காரரோடு உறவு கொண்டாடுகிறான் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. லண்டனில் இந்திய மந்திரியாக இருந்த ராண்டால்ப் சர்ச்சிலும் கல்கத்தாவில் வைஸ்ராயாக இருந்த டப்ரின் பிரபுவும் படையெடுப்புக்குச் சம்மதித்தார்கள். படை எல்லை கடந்த நாளிலிருந்து மன்னன் பிடிபட்ட நாள்வரை கணக்கிட்டால் மொத்தமே சுமார் இரண்டு வாரந்தான். 1886 ஜனவரி முதல் தேதி, பர்மாவின் எஞ்சிய பகுதியும் விக்டோரியா மகாராணியின் ஆட்சிக்குட்பட்டதென்று பிரகடனம் வெளியாயிற்று.

தமிழராகிய நாம் இதை வேறெங்கோ நடந்த விருத்தாந்தமாக மட்டும் படித்துவிட முடியாது. அந்தப் படையை நடத்திச் சென்ற பிரெண்டர்காஸ்ட் மதராஸ் சேனையைச் சேர்ந்த அதிகாரி. அவருக்குக் கீழே சென்ற காலாட்படைகளிலும் மதராஸ் படைப்பிரிவுகள் இருந்தன. சிறைப்பட்ட குடும்பத்தை ரங்கூனிலிருந்து கப்பலேற்றி முதலில் இறக்கியதும் மதராஸ் பட்டணத்தில்தான். 1885 டிசம்பரிலிருந்து அடுத்த ஏப்ரல் வரையில் அவர்கள் அங்கே வைக்கப்பட்டிருந்தார்கள். மாண்டலேயை விட்டுக் கிளம்பும்போது கர்ப்பவதியாக இருந்த அரசி, தன் மூன்றாவது மகளை 1886 மார்ச் மாதத்தில் மதராஸிலேயே பெற்றெடுத்தாள். பொற்தொட்டிலும் காணிக்கை ஏந்திய மந்திரிகளும் சூழப் பிறந்திருக்க வேண்டிய ஒரு ராஜகுமாரி, நமது கடற்கரைப் பட்டணத்தில் காவற்காரர்களின் கண்பார்வையில் பிறந்தாள் என்பது, செட்டிநாட்டிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் பர்மாவுக்குக் கப்பலேறிப் பொருள் ஈட்டிய நம்மவரில் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்ததோ!

மன்னர்களை அவரவர் மண்ணிலிருந்து பிடுங்கி ஒருவர் ஊரை மற்றவருக்குச் சிறையாக்குவது ஆங்கில சாம்ராஜ்யத்தின் நிலையான ராஜதந்திரம். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். டில்லிப் பாதுஷா பகதூர் ஷா ரங்கூனுக்கு அனுப்பப்பட்டு 1862இல் அங்கே மண்ணானார். பஞ்சாபின் பாலராஜா துலீப் சிங் இங்கிலாந்துக்குப் போனார். மேற்கு ஆப்பிரிக்காவின் அசாந்தி மன்னர் பிரெம்பே சேஷெல்ஸ் தீவுக்குப் போனார். திபாவுக்குக் கிடைத்த இடம் கொங்கணக் கடற்கரையிலுள்ள ரத்னகிரி. ரயில்பாதை இல்லாத ஊர். கடல்வழியாக வந்துசேர வேண்டும். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். மாண்டலேக்கு எதிர்த்திசையில், எதிர்க்கடலை நோக்கி இருந்தது என்பதே அவ்வூரின் பெரிய தகுதி. அதே ரத்னகிரியில் பிறந்த பாலகங்காதர திலகரை ராஜத்துரோகக் குற்றம் சாட்டி 1908இல் நாடு கடத்தியபோது, அவரை வைப்பதற்கு அதே சர்க்கார் மாண்டலேச் சிறையைத் தேர்ந்தெடுத்தது. மாண்டலேயின் மன்னன் ரத்னகிரியிலும் ரத்னகிரியின் மைந்தர் மாண்டலேயிலுமாக ஆறு வருஷம் ஏக காலத்தில் சிறையிருந்தார்கள். திலகருக்கு அங்கே ஒரு நூல் எழுத முடிந்தது, ஏனெனில் அவர் முதிர்ந்த வயதில், கற்ற கல்வியோடும் செய்ய வேண்டிய காரியத்தோடும் சிறை புகுந்தவர். விடுதலைக்கு ஒரு தேதியும் அவருக்கு இருந்தது. ஐந்து வயதுக் குழந்தைக்கு இவற்றில் எது இருந்தது?

ரத்னகிரியில் அவர்கள் பட்ட அவமானங்களில் பெரும்பாலானவை பணத்தைப் பற்றியவை. சர்க்கார் கொடுத்த தொகைக்குள் அரசவாழ்வு அடங்கவில்லை. கொண்டுவந்த மாணிக்கங்களையும் நகைகளையும் ஒவ்வொன்றாக விற்க வேண்டிவந்தது, கடன் ஏறியது, காவலுக்கு நியமிக்கப்பட்ட போலீஸ் உத்தியோகஸ்தருக்கு வரவும் செலவும் சொல்ல வேண்டியிருந்தது. இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், மன்னனுக்கு இழைக்கப்பட்ட அநீதியும் அவன் மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியும் ஒரே இனத்தவை அல்ல என்பதே என் அபிப்பிராயம். திபா தன் இருபத்தாறாவது வயதில் பிடிபட்டான். அதற்குள் மடாலயத்தில் பௌத்த சாஸ்திரங்களைக் கற்றுத் தேறியிருந்தான், மணம் செய்துகொண்டிருந்தான், ஏழு வருஷம் ஆண்டிருந்தான். நடந்துபோன வாழ்க்கை ஒன்று அவனிடம் இருந்தது; அதை எண்ணி ஏங்குவதற்காவது அவனுக்கு உரிமை இருந்தது. அவன் மூத்த மகளுக்கு மாண்டலே என்பது தெளிவற்ற சில பால்யக் காட்சிகளே. அவளுக்குப் பின் பிறந்த தங்கைகளுக்கு அதுவும் இல்லை. தாங்கள் சரியாக அறியாத ஒரு நகரத்தின் மரியாதைகளை, மண்டியிட்டுக் கைகூப்பி அணுகும் பணியாட்கள் நடுவே, தாய் சுபயாலத்தின் கண்டிப்பான கட்டளைப்படி அனுஷ்டித்துக்கொண்டு அந்த நான்கு பெண்களும் வளர்ந்தார்கள். வெளியே மராத்தி பேசும் சிற்றூர். உள்ளே பர்மிய ராஜசபையின் நிழல். மாண்டலேயிலிருந்து உடன்வந்த பரிசாரகப் பெண்கள் ஒவ்வொருவராகத் தாய்நாடு திரும்பிவிட, உள்ளூர்ப் பணியாட்கள் அவ்விடத்துக்கு வந்தார்கள். அவர்களோடு பேசிப் பேசி ராஜகுமாரிகளின் நாவில் மராத்தி ஊறிற்று.

விவாகப் பேச்சு எழும் வயது வந்ததும் இந்நிலையின் முழுக் கொடுமையும் வெளிப்பட்டது. பர்மிய அரசவம்சத்தில் ரத்தத் தூய்மை ஒரு மகாவிரதம். திபாவும் சுபயாலத்தும் ஒரே தந்தையாகிய மிண்டோன் மன்னனின் வெவ்வேறு மனைவியருக்குப் பிறந்தவர்கள். அப்படிப்பட்ட மணமே அவ்வம்சத்தில் உத்தமமாகக் கருதப்பட்டது. அரசகுலத்தில் பிறந்த ஒருவனைத் தவிர வேறெவனுக்கும் மகளைக் கொடுப்பதை மன்னன் நினைத்தும் பார்க்கவில்லை. சர்க்கார் தேடிக் காட்டிய ஒருசில பேரையும் அவன் ஏற்கவில்லை. தகுந்த வரன்கள் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு ஒரு பயங்கரமான காரணமும் உண்டு. 1879 பிப்ரவரியில், திபா அரியணை ஏறிய சில மாதங்களுக்குள், சுபயாலத்தின் தாயும் சில மந்திரிகளும் வகுத்த திட்டத்தின்படி, மிண்டோனின் வம்சத்தவர் சுமார் 80 பேர், இளவரசரும் அவர்களுடைய குடும்பத்தாருமாக, அரண்மனைக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைக்கு மன்னன் எவ்வளவு உடந்தை, அரசி எவ்வளவு உடந்தை என்பது சரித்திரக்காரரின் வாதம். அந்தப் பாதகம் மாத்திரம் நிகழாதிருந்தால், திபாவின் பெண்களுக்குக் கணவராகக்கூடிய அரசிளங்குமரர்கள் பலர் அக்குடும்பங்களில் வளர்ந்திருப்பார்கள். அந்நிய சர்க்கார் வைத்த காவலுக்கு மேலே பெற்றோரின் குலப்பெருமையும், அதற்கும் மேலே தாங்கள் பிறப்பதற்கு முன்பே சிந்தப்பட்ட ரத்தமும் சேர்ந்து அப்பெண்களின் வாசலை அடைத்தன.

ராஜ்யம் நிலைத்திருந்தால் மட்டும் மூத்தவளின் வாழ்வு மலர்ந்திருக்குமா என்றும் நான் யோசித்ததுண்டு. அரசனுடைய பெண்களில் ஒருத்தியை மணமின்றி நிறுத்திவைத்து, பட்டத்துக்கு வரும் அடுத்த மன்னனுக்கே பட்டமகிஷியாக்கும் மரபு பர்மிய அரண்மனையில் இருந்தது. அதே தேசத்தில் கடைவீதியில் மீனும் துணியும் விற்ற சாதாரணக் குடும்பத்துப் பெண்ணோ, தன் கணவனைத் தானே தேர்ந்துகொண்டு, பிடிக்காவிட்டால் விலகி, தன் சொத்தைத் தானே ஆண்டு, ஆண்களுக்கு நிகராக வியாபாரம் செய்தாள். பர்மாவுக்குச் சென்ற நம்மவர் எல்லாரும் வியந்து பேசிய விஷயம் அது. அந்தச் சுதந்திரம் மாண்டலேயின் மதிலுக்குள் இருந்தவளுக்கும் கிட்டியிராது, ரத்னகிரியின் காவலுக்குள் இருந்தவளுக்கும் கிட்டவில்லை.

அவள் அதைத் தானாகவே எடுத்துக்கொண்டாள். வீட்டு வாயிலைக் காத்த கோபால் சாவந்த் என்ற மராத்தியனை அவள் நேசித்தாள்; 1906ஆம் வருஷம், தன் இருபத்தாறாம் பிராயத்தில், அவனுக்கு ஒரு பெண்மகவைப் பெற்றாள். டு டு என்று அக்குழந்தைக்குப் பெயர். இதை ஒரு காவியக் காதலாக்கிப் பாடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் கோபால் முன்பே மணமானவன், தனக்கென்று ஒரு குடும்பம் உடையவன். அவனால் அவளுக்குக் கிட்டிய ஆதரவு அரைகுறையானது. ஆனால் இதை ஒரு வீழ்ச்சி என்று எழுதியவர்களோடும் என்னால் உடன்பட முடியவில்லை. இருபது வருஷ காலமாக அவள் எங்கே வசிப்பது, எவ்வளவு செலவு செய்வது, யாரைச் சந்திப்பது, யாரை மணப்பது என்பதையெல்லாம் ஒருபுறம் சர்க்காரும் மறுபுறம் பெற்றோரும் தீர்மானித்துவந்தார்கள். இவ்வொன்று மாத்திரமே அவளாகச் செய்தது. ஒரு மனுஷி தன் வாழ்நாளில் முதன்முதலாகத் தன் விருப்பத்தின்படி நடந்ததை இழிவு என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இத்தனைக்கும் பிறகுதான் சர்க்கார் அக்குடும்பத்துக்கு ஓர் அரண்மனை கட்டிக் கொடுத்தது. 1906இல் தொடங்கி 1910இல் முடிந்த அந்தச் செங்கல் மாளிகை, பர்மியத் தேக்காலும் வர்ணக் கண்ணாடிச் சாளரங்களாலும் அலங்கரிக்கப்பட்டு, அரபிக்கடலை நோக்கியவாறு ஒரு மேட்டின்மேல் இன்றும் நிற்கிறது. இருபத்து நான்கு வருஷம் பங்களாக்களில் காலந்தள்ளிய மன்னன் அதில் ஆறு வருஷமே வாழ்ந்தான். இளைய அரசி 1912இல் இறந்தாள். 1914இல் ராஜகுமாரிகளுக்குக் காதுகுத்துச் சடங்கு நடந்தது. பர்மாவில் பெண் பருவமடையும் காலத்தில் நடக்கும் அந்தச் சடங்கு இவர்களுக்கு நடந்தபோது நால்வரும் வளர்ந்த ஸ்திரீகள். மூத்தவளுக்கு எட்டு வயது மகள் இருந்தாள். 1916 டிசம்பரில் திபா இறந்தான். உடலைப் பர்மாவுக்குக் கொண்டுபோக வேண்டுமென்று அரசி மன்றாடினாள், சர்க்கார் இணங்கவில்லை. மன்னனையும் இளைய அரசியையும் 1919 மார்ச்சில் ரத்னகிரியிலேயே சமாதியில் வைத்தார்கள். மற்ற மூன்று பெண்களின் கதை வெவ்வேறு திசைகளில் ஓடிற்று. இரண்டாமவள் 1917இல் தந்தையின் காரியதரிசியாக இருந்தவரோடு வீட்டைவிட்டு வெளியேறி மணந்து, பிற்பாடு காலிம்போங்கில் குடியேறினாள். தாய் அவளை மன்னிக்கவே இல்லை. மூன்றாமவளும் நான்காமவளும் ரங்கூன் சென்று அங்கே மணம் செய்துகொண்டார்கள். அவர்களில் கடைசிப் பெண்ணுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். தன் குடும்பத்தின் உரிமைகளைத் தயங்காமல் எழுதிக் கேட்டாள். அதன் பலனாக மோல்மேனுக்கு அனுப்பப்பட்டு 1936இல் அங்கே இறந்தாள். தைரியத்தில் தாயின் மகள் அவளே என்று சொல்லத் தோன்றுகிறது.

மூத்தவளிடம் திரும்புகிறேன். மன்னன் இறந்து இரண்டு வருஷத்துக்குப் பிறகு, 1919 ஏப்ரலில், சுபயாலத்தும் மகள்களும் ரங்கூன் செல்ல அனுமதி கிடைத்தது. மாண்டலேக்குப் போகலாகாது என்பது நிபந்தனை. மியத் பயா ஜீயும் தன் மகளோடு அந்தக் கப்பலில் சென்றாள். முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்பு குழந்தையாகக் கடந்த கடலை, ஒரு குழந்தையின் தாயாக மறுபடியும் கடந்து, தன் தந்தை ஆண்ட தேசத்தில் காலை வைத்தாள். சரித்திரம் அவளுக்குச் செய்யத் தவறியதை அந்தக் கணமே செய்து முடித்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். சிறிது காலத்துக்குள்ளேயே அவள் ரங்கூனை விட்டு ரத்னகிரிக்குத் திரும்பிவிட்டாள்.

அவளைப் பற்றி இவ்வளவு தூரம் நான் எழுதுவது இந்த ஒரு செய்கைக்காகத்தான். கோபாலைத் தாய் ஏற்கமாட்டாள் என்பது வெளிப்படையான காரணம். அது உண்மையே, ஆனால் முழு உண்மை அது அல்ல என்று எனக்குப் படுகிறது. ரங்கூனில் அவளைக் காண வந்தவர்கள் மாண்டலே அரசனின் மூத்த குமாரத்தியைக் காண வந்தார்கள். அவள் எதிரில் மண்டியிட்டார்கள். அவர்கள் இழந்துவிட்ட ராஜ்யத்தின் முகத்தை அவளிடம் தேடினார்கள். அவளோ மராத்திப் பேச்சும் கொங்கணத்து மழையும் பலா, மா மரங்களும் சிவந்த மண்ணும் ஊறிப்போன ஸ்திரீ. அவள் மகளுக்கு மராத்தியே தாய்மொழி. ஒரு தேசத்தின் துக்கத்துக்குப் பிரதிமையாக வீற்றிருப்பதைக் காட்டிலும், தன்னை வெறும் பெண்ணாக அறிந்த ஊரில் வறுமையோடு இருப்பது அவளுக்கு உவப்பாக இருந்திருக்க வேண்டும். தேசப்பிரஷ்டம் செய்யப்பட்டவர்களெல்லாம் தாய்நாட்டுக்கு ஏங்கிக்கொண்டே சாகிறார்கள் என்று நாம் எளிதாக நம்பிவிடுகிறோம். அது பெரியவர்கள் விஷயத்தில் சரி. அங்குலம் அங்குலமாகத் தன் எலும்பு வளர்ந்த மண்ணை ஒரு குழந்தை எப்படி அந்நியமாகக் கருதும்? காவலர் பார்வையில் நடந்தாலும் அது அவள் நடந்த தெரு. சிறைக் கூரைமேல் பெய்தாலும் அது அவள் நனைந்த மழை. சர்க்கார் அவள் தந்தைக்குத் தேர்ந்தெடுத்த சிறை, அவளுக்கு ஊராகியிருந்தது. தந்தையின் தேசமோ, அவள் போய்ச் சேர்ந்தபோது, அந்நிய தேசமாகியிருந்தது. சாம்ராஜ்யம் செய்த பெருங்குற்றம் இதுவே என்று சொல்வேன். மன்னனிடமிருந்து பறித்த நாட்டை ஏதோ ஒரு காலத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம், பர்மாவுக்கு அது திரும்பியும் வந்தது. அக்குழந்தையிடமிருந்து பறித்ததைத் திருப்பிக் கொடுக்க எந்தக் கப்பலாலும் முடியவில்லை.

அதன்பின் அவள் வாழ்ந்த வருஷங்கள் கடினமானவை. சர்க்காரின் சொற்ப உதவிச் சம்பளமும் அக்கம்பக்கத்தாரின் தயவுமாக நாட்கள் நகர்ந்தன. ரங்கூனில் தாய் 1925 நவம்பரில் இறந்து, ஷ்வேதகோன் புத்தாலயத்தின் அருகே சமாதி கொண்டாள். மூத்த மகள் அப்போது மறுகரையில் இருந்தாள். 1947 ஜூன் மாதம் ரத்னகிரியில் மியத் பயா ஜீயின் உயிர் நீங்கிற்று. இந்தியா விடுதலையடைய இரண்டு மாதமும், பர்மா விடுதலையடைய ஏழு மாதமும் இருந்தன. விடுதலை பெற்ற பர்மாவுக்கு, கல்கத்தா மியூசியத்தில் வைக்கப்பட்டிருந்த மன்னனின் சிங்காதனத்தை மவுண்ட்பேட்டன் 1948இல் மரியாதையோடு திருப்பி அனுப்பினார். நாற்காலிக்குக் கிடைத்த அந்த உபசாரத்தில் நூற்றில் ஒரு பங்கு, அதில் அமர்ந்திருந்தவனின் மகளுக்குக் கிடைத்திருந்தால் அவள் பட்டினியறியாமல் இறந்திருப்பாள்.

டு டு ரத்னகிரியிலேயே மணம் செய்துகொண்டு, வரட்டி தட்டியும் காகிதப் பூக்கள் செய்து விற்றும் பல குழந்தைகளை வளர்த்து ஆளாக்கி, 2000ஆம் வருஷம் தொண்ணூறு வயதைக் கடந்து இறந்தாள். தான் யாருடைய பேத்தி என்பதை அவள் அறிவாள். மராத்தியிலேயே அதைச் சொன்னாள். அவளை ஏழை என்று எழுதுகிறவர்கள் அவளைப் பிரஷ்டை என்று எழுத முடியாது. அக்குடும்பத்தில் தன் ஊரிலே பிறந்து தன் ஊரிலே இறந்த முதல் ஆள் அவள்தான்.

2012 டிசம்பரில் பர்மாவின் ஜனாதிபதி தெய்ன் செய்ன் ரத்னகிரிக்கு வந்து திபாவின் சமாதியில் மரியாதை செலுத்தினார். மன்னனின் மிச்சங்களை மாண்டலேக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பர்மியரில் பலர் விரும்புகிறார்கள். அந்த விருப்பம் நியாயமானது. சுபயாலத் மன்றாடிக் கேட்டது அதைத்தான், நூறு வருஷம் தாமதமானாலும் அதை நிறைவேற்றுவதே தர்மம். ஆனால் அப்படியொரு நாள் வருமானால், அந்த ஊர்வலத்தில் மூத்த மகளின் பெயரையும் சேர்த்து ஏற்றிச் சென்றுவிடக் கூடாது என்று, அக்காரியத்தில் அதிகாரமுள்ளவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவளை ஒரு தடவை கப்பலில் கொண்டுபோய்ப் பார்த்தாயிற்று. அவள் திரும்பி வந்துவிட்டாள்.